430 பக்க நாவல், 212 பக்கத் திரைக்கதை: எங்கே கை வைப்பது?

கேள்வி: ஏழு ஆண்டுகளாக உதவி இயக்குநராக இருக்கிறேன். முதல் படமாக ஒரு நாவலை எடுக்க ஆசை. காவிரிக் கடைமடை ஊர் ஒன்றில் அரிசி ஆலை நடத்திய குடும்பத்தின் கதை. வார இதழில் தொடராக வந்து, பிறகு 430 பக்கப் புத்தகமானது. தம்பி தன் வாயால் சொல்வதாக எழுதப்பட்டிருக்கிறது. 1968இல் தொடங்கி 2004இல் முடிகிறது. எழுத்தாளரை நேரில் பார்த்தேன். “எடுத்துக்கோங்க தம்பி” என்று சம்மதம் சொல்லிவிட்டார். நாவலுக்குத் துரோகம் செய்யக் கூடாது என்று எந்த முக்கிய நிகழ்வையும் விடாமல் எழுதினேன். 212 பக்கம், 164 சீன், 61 இடத்தில் பின்னணிக் குரல். படித்த இரண்டு தயாரிப்பாளர்களும் “நாவல் நல்லா இருக்கு, படம் தெரியல” என்றார்கள். எதை வெட்டுவது? கடைசி அத்தியாயத்தை மட்டும் விட மனமே இல்லை. - ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய திரைக்கதை, நாவல் இரண்டையும் முழுக்கப் படித்தேன். உரிமைப் பேச்சு இன்னும் முடியவில்லை என்பதால் நாவலின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

எதை வெட்டுவது என்று தொடங்கினால் ஒவ்வொரு சீனிலும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளுவீர்கள். 164 சீனும் அப்படியே இருக்கும். எதற்கும் மூச்சு விட இடம் இருக்காது. படிப்பவருக்கு நாவலின் கதைச்சுருக்கம்தான் கிடைக்கும். இப்போது உங்கள் திரைக்கதைக்கு நேர்ந்திருப்பதும் அதுதான். முதலில் வேறொரு முடிவு எடுக்க வேண்டும். இந்த 36 ஆண்டுகளில் எந்தச் சில நாட்களுக்குள் பார்வையாளரை உட்கார வைக்கப் போகிறீர்கள்? அது முடிவாகிவிட்டால் வெட்ட வேண்டியது தானாகத் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். 430 பக்க நாவலில் ஏறத்தாழ ஒரு லட்சம் சொற்கள் இருக்கும். இரண்டேகால் மணி நேரப் படத்தின் திரைக்கதை, காட்சி விவரமும் வசனமும் சேர்த்து, 20 முதல் 25 ஆயிரம் சொற்களுக்குள் அடங்கும். நாவலில் நாலில் மூன்று பங்குக்கு மேல் உள்ளே வரவே முடியாது என்று அர்த்தம். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்து ஐந்து பாகமாக விரிந்தது. மணிரத்னம் அதற்கு இரண்டு படம், மொத்தம் ஐந்தரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். அப்போதும் மணிமேகலை என்ற பாத்திரத்துக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. நாவலில் அவளை நேசித்தவர்களுக்கு அது வலித்திருக்கும். ஆனால் அவளைக் கொண்டுவந்தால் அவள் காதல், அதன் முடிவு எல்லாம் கூடவே வரும். அத்தனைக்கும் நேரம் வேண்டும்.

‘ஒரு பக்கம் ஒரு நிமிடம்’ என்ற கணக்கையும் தமிழில் அப்படியே நம்ப வேண்டாம். அது ஆங்கில எழுத்துருவையும் பக்க அமைப்பையும் வைத்து உருவானது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை; ஒடுக்கமான வசனப் பத்தியில் சீக்கிரம் பக்கம் நிரம்பிவிடும். ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு வசனத்தை நடிப்பு வேகத்தில் வாய்விட்டுப் படியுங்கள். செயல்களை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சீனுக்கும் எத்தனை நிமிடம், நொடி என்று ஓரத்தில் குறியுங்கள். எந்த சீன் நீளம், எது வெறும் சுமை என்று முதன்முதலாக அப்போதுதான் தெரியும்.

எந்த நாட்கள் என்பதற்கு வருவோம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: நாவல் எந்தக் காலத்துக்கு எத்தனை பக்கம் ஒதுக்குகிறது என்று எண்ணுவது. உங்கள் நாவலை எண்ணிப் பார்த்தேன். 1968 முதல் 1979 வரையிலான 11 ஆண்டுகளுக்கு 150 பக்கம். 1979இல் அப்பா இறந்ததிலிருந்து கருமாதி வரையிலான 16 நாட்களுக்கு மட்டும் 96 பக்கம். அதற்குப் பிந்தைய 25 ஆண்டுகளுக்கு 184 பக்கம். எழுத்தாளர் எங்கே நடையைத் தளர்த்தி நின்று பார்த்திருக்கிறார் என்பதை இந்த எண்களே சொல்கின்றன. என் கருத்தில் உங்கள் படம் அந்த 16 நாட்கள்தான்.

அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தொடக்கம், முடிவு இரண்டையும் நம் பார்வையாளர் சொல்லாமலே அறிவார். கருமாதியன்று ஏதோ முடிவாகும் என்று காத்திருப்பார். பாத்திரங்களெல்லாம் ஒரே வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும்: பங்கு கேட்கும் சித்தப்பா, சம்பள பாக்கிக்கு நிற்கும் ஆலைத் தொழிலாளிகள், கடன் கொடுத்தவர், எட்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டை விட்டுப் போன அண்ணன். மூத்தவன் இருக்கத் தம்பி கொள்ளி வைத்ததே ஒரு வழக்காகிறது. தயாரிப்பு வகையிலும் லாபம். ஒரே காலம், ஒரே நடிகர் குழு, வீடு, ஆலை, களம், ஆற்றங்கரை என்று நாலு இடம். இப்போதைய உங்கள் திரைக்கதைப்படி ஒரே வேடத்துக்கு மூன்று நடிகர்கள் வேண்டும். மூன்று காலத்துக்கும் கலை இயக்கம் வேண்டும். ஒவ்வொரு கால மாற்றத்திலும் யார் யார் என்று பார்வையாளருக்கு மறுபடி அறிமுகம் செய்ய வேண்டும். முதல் பட இயக்குநரிடம் இதைப் பார்த்ததுமே தயாரிப்பாளர் பின்வாங்குவார்.

இப்படித் தேர்ந்தெடுப்பது நாவலைச் சிறுமைப்படுத்துவதாகாது. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய நாவல். மதுரையின் 600 ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது. வசந்தபாலன் ‘அரவான்’ படத்துக்கு அதிலிருந்து ஒரு கிளையை மட்டும் ஒடித்து எடுத்தார். பூமணியின் ‘வெக்கை’ இன்னொரு வகை. அதில் காலம் ஏற்கெனவே சுருங்கி இருக்கிறது: கொலை செய்துவிட்ட சிறுவனும் அவன் அப்பாவும் காட்டில் ஒளிந்து திரியும் சில நாட்கள். நாவல் சிறுவனை ஒட்டியே நகர்கிறது. 2019இல் ‘அசுரன்’ எடுத்த வெற்றிமாறன் எடையை அப்பாவின் மேல் ஏற்றினார். அப்பாவின் இளமைக் கதையைப் பெரிய ஃபிளாஷ்பேக்காக விரித்துச் சேர்த்தார். தழுவல் என்றால் குறைப்பது மட்டுமல்ல, படத்துக்கு வேண்டியதைப் புதிதாகக் கட்டுவதும்தான். உங்கள் 212 பக்கத்தில் நீங்களாகச் சேர்த்த சீன் ஒன்றுகூட இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறையாகப் பட்டது.

நீங்கள் விட்டுவிட்ட ஒரு வரியையும் சொல்ல வேண்டும். அப்பா இறந்த மூன்றாம் நாள், “தொட்டியில் ஊறிய நெல் நாறத் தொடங்கியது” என்று நாவலில் போகிற போக்கில் வருகிறது. உங்கள் திரைக்கதையில் அது இல்லை. படத்தையே அந்த வரியின் மேல் நிறுத்தலாம். புழுங்கலுக்காகப் பச்சைத் தண்ணீரில் ஊறும் நெல்லை இரண்டு மூன்று நாளுக்குள் அவித்தாக வேண்டும். விட்டால் புளித்து நாற்றம் எடுக்கும், அரிசியின் நிறமும் மாறும். அதுவும் கூலிக்கு அரைக்க வந்த ஊரார் நெல். தீட்டு என்று சொல்லி ஆலையை நிறுத்தி வைக்கிறார் சித்தப்பா. தம்பிக்கு எதிர்த்துப் பேசத் தைரியமில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள், வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுகிறார்கள். இந்த ஒரு தொட்டிக்குள் குடும்ப கௌரவம், ஊர்க் கடன், அதிகாரம் யார் கையில் என்ற கேள்வி எல்லாம் ஊறிக்கொண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட வரிகளைத் தேடித்தான் நாவலை மூன்றாம் முறை படிக்க வேண்டும். எழுத்தாளர் ஒரு வரியில் கடந்த இடத்தில் திரைக்குப் பத்து நிமிடம் கிடைக்கலாம். அவர் பத்துப் பக்கம் எழுதிய இடம் ஒரு ஷாட்டில் முடியலாம்.

இனி மொழி. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உங்கள் திரைக்கதையில் இரண்டு வகை வினைச்சொற்களை வட்டமிடுங்கள்.

முதல் வகை, “போவார், வருவாள், சொல்வார்” என்று பழக்கத்தைச் சொல்பவை. “அப்பா தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் களத்துக்குப் போவார். ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்ப்பார்” என்பது உங்கள் 7ஆம் சீன். நாவலாசிரியர் ஒரு ‘போவார்’ போட்டு இருபது ஆண்டுகளைச் சொல்லிவிடுவார். கேமராவுக்கு அந்தக் காலம் கிடையாது. அது ஒரே ஒரு மாலையைத்தான் எடுக்கும். வழக்கம் என்று காட்ட, துண்டு துண்டாக நாலு மாலைகளைப் பாட்டோடு ஒட்டியிருக்கிறீர்கள். அதைவிட வலுவான வழி, பழக்கத்தை ஆளிடமிருந்து ஆளுக்கு மாற்றுவது. படத்தின் முதல் பத்து நிமிடத்தில் அப்பா ஒரு நெல்லைக் கடித்து, சத்தத்தைக் கேட்டு, “இன்னும் ஒரு வெயில் காயணும்” என்கிறார். எட்டாம் நாள் தம்பி கடித்துப் பார்த்து, காய்ந்துவிட்டதென்று அள்ளச் சொல்கிறான். ஆலையில் போட்டால் அரிசி நசுங்கி வருகிறது. பத்தாம் நாள் அண்ணன் களத்தில் குனிந்து கடிக்கிறான், அப்பா தலையைச் சாய்த்த அதே பக்கமாகத் தலையைச் சாய்த்து. நெல் தள்ளிக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். வாரிசு யார் என்பதை இனி யாரும் பேச வேண்டியதில்லை.

இரண்டாம் வகை, “நினைத்தான், உணர்ந்தாள், தோன்றியது” போன்ற மனவினைகள். உங்கள் சீன் விவரங்களில் இவை 90க்கு மேல் இருக்கின்றன. ஷூட்டிங்கில் நடிகர் “சார், இதை எப்படிப் பண்றது?” என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. “அம்மா அண்ணனை ஒரு நாளும் மறக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது” என்பதைப் பின்னணிக் குரலில் வைத்திருக்கிறீர்கள். அம்மா வீட்டுக்குள் தினமும் கையால் செய்யும் வேலை ஒன்றை எடுங்கள். உலைக்கு அரிசி அளப்பது. ஐந்து ஆழாக்கு அளக்கிறாள். பிறகு ஒரு ஆழாக்கைத் திரும்பப் பானையில் போடுகிறாள். அப்பா உயிரோடு இருக்கும்போதே, படத்தின் தொடக்கத்தில் இது ஒருமுறை. இடையில் பந்தல் சமையல், பெரிய அண்டா, அம்மா அடுப்படியில் இல்லை. கருமாதி முடிந்து உறவெல்லாம் கலைந்த இரவு மறுபடி அளக்கிறாள். இம்முறை எதையும் திரும்பப் போடவில்லை. குளோஸப் வேண்டாம், இசை வேண்டாம், யாரும் கவனித்ததாகவும் காட்ட வேண்டாம்.

61 பின்னணிக் குரலையும் ஒரு பிரதியில் மொத்தமாக அழியுங்கள். நாவலைப் படிக்காத மூன்று பேரிடம் கொடுங்கள். எங்கே வழி தவறியது என்று மட்டும் கேளுங்கள். பிடித்ததா என்று கேட்க வேண்டாம். அவர்கள் தடுமாறிய இடங்களிலும் முதலில் ஒரு செயலோ பொருளோ வைத்து முயன்று பாருங்கள். எதுவும் கைகொடுக்காத இடத்தில் மட்டும் குரல் திரும்பி வரட்டும். இரண்டு மூன்றுக்கு மேல் தேறாது என்பது என் கணிப்பு. தன்மையில், அதாவது ‘நான்’ என்று, சொல்லப்படும் நாவலைப் படமாக்கும்போது இழப்பு நேர்வது உண்மைதான். தம்பியின் குரலில் உள்ள அந்தக் குற்ற உணர்ச்சிதான் நாவலின் உயிர். அதை வாசகம் வாசகமாகக் கொண்டுவர முடியாது. ஆனால் எல்லாக் காட்சியிலும் அவன் இருக்கிறான், அவனுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் அந்தத் தன்மையின் பாதி கிடைத்துவிடும். அவன் இல்லாத சீன்கள் உங்கள் திரைக்கதையில் 31 இருக்கின்றன. முதலில் அவற்றை எடுத்துவிடுங்கள்.

ஃபிளாஷ்பேக் மூன்று போதும், ஒவ்வொன்றும் நாலு நிமிடத்துக்குள். பாத்திரம் தூரத்தை வெறித்துப் பார்ப்பதால் கடந்த காலம் திறக்கக் கூடாது. கையில் ஒரு பொருள் சிக்கித் திறக்கட்டும்: அடகுச் சீட்டு, அண்ணனின் பழைய சட்டை, கணக்கு நோட்டில் அப்பா அடித்துவிட்ட ஒரு பெயர்.

தொடராக வந்த நாவல் என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு திடுக்கிடலில் நிற்கிறது. அடுத்த வாரம் வரை வாசகரைப் பிடித்து வைக்க அது தேவைப்பட்டது. நீங்கள் 14 இடங்களில் அதை அப்படியே வைத்திருக்கிறீர்கள். ஒரே இருக்கையில் பார்க்கிறவருக்கு அது களைப்பு. நமக்கு வேண்டியது ஒரே இடம், இடைவேளை. ஐந்தாம் நாள் இரவு அண்ணன் ஊருக்கு வருகிறான். வீட்டுக்குப் போகாமல் நேரே ஆலைக்குப் போய்த் தொட்டியின் அடைப்பைத் திறந்துவிடுகிறான். நாறிய தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிறது. அங்கே நிறுத்துங்கள். அதுவரை ‘அண்ணன் வருவானா?’ என்று இருந்த கேள்வி, ‘வந்தவன் எதைக் கேட்பான்?’ என்று மாறிவிடும்.

பாத்திரங்கள் 38 பேர்; பத்துப் பன்னிரண்டு பேருக்குள் வர வேண்டும். ஒவ்வொருவரும் கதையில் செய்யும் வேலையை ஒரு வரியில் எழுதி, ஒரே வேலை செய்யும் இருவரை ஒருவராக்குங்கள். இரண்டு அத்தைகளும் ஒன்றாகலாம். ஆனால் சித்தப்பாவையும் கணக்குப்பிள்ளையையும் நீங்கள் ஒன்றாக்கியிருப்பது தவறு. சித்தப்பாவுக்குப் பங்கு கேட்கும் உரிமை உண்டு. கணக்குப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும், ஆனால் வாசல்படி தாண்டிப் பேசும் உரிமை இல்லை. சாதியிலும் அதிகாரத்திலும் வெவ்வேறு படியில் நிற்பவர்களை இணைத்தால் மோதல் செத்துவிடும். வசனத்தில் ஒன்றே ஒன்று: நாவலில் வரும் பேச்சு கண்ணால் படிக்க எழுதியது, முழு வாக்கியங்களாக இருக்கிறது. அந்த வட்டாரத்துக்காரர் ஒருவரை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லி, அவர் நாக்கு தடுக்கும் இடத்தையெல்லாம் திருத்துங்கள்.

இவ்வளவையும் தொடங்குமுன் செய்ய வேண்டியது உரிமை. “எடுத்துக்கோங்க தம்பி” என்பது அன்பு. சட்டத்தின் முன் அது செல்லாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். வேறு விதமாக எழுதப்படாவிட்டால், வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாதபோது அது காலாவதியாகிவிடும். முதல் படத்துக்குத் தயாரிப்பாளர் கிடைக்கவே ஓராண்டு ஆகலாம், ஆகவே இந்த வரியை வழக்கறிஞரிடம் காட்டி மாற்றி எழுதுங்கள். கையில் பணம் குறைவு என்றால் 18 மாதத்துக்கு ஓர் ஆப்ஷன் ஒப்பந்தம் போடலாம். அதற்குள் வேறு யாருக்கும் விற்க மாட்டேன் என்பதற்காகச் சிறு தொகை கொடுப்பீர்கள். படம் தொடங்கினால் மொத்தத் தொகையில் அது கழியும். மொழிமாற்று, மறு ஆக்கம், ஓடிடி, இணையத் தொடர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். நீங்கள் 16 நாளை மட்டும் எடுக்கும்போது மிச்சத்தை வேறொருவர் இணையத் தொடராக்க வந்தால் சிக்கல். பதிப்பகத்தோடு எழுத்தாளர் போட்ட ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். திரை உரிமை யாரிடம் என்பது அதில் தெரியும்.

படைப்பைத் தன் பெயருக்குக் களங்கம் வரும்படி சிதைத்தால் எதிர்க்கும் உரிமை, உரிமையை விற்ற பிறகும் எழுத்தாளருக்கு உண்டு. அது 57ஆம் பிரிவு. ஆகவே மாற்றங்களை மறைக்காதீர்கள். முழுத் திரைக்கதையை நீட்டுவதற்கு முன் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: எதை வைத்தோம், எதை விட்டோம், எதை மாற்றினோம், ஏன். 36 ஆண்டுகளில் 16 நாள் மட்டும் என்றதும் அவருக்கு முதலில் அதிர்ச்சியாக இருக்கும். அந்த 96 பக்கக் கணக்கைக் காட்டுங்கள். தொட்டி நெல்லைப் பற்றிக் கேளுங்கள். நாவலில் எழுதாமல் விட்ட பத்து விவரம் அவரிடம் இருக்கும். அவ்வளவும் உங்கள் சீன்கள்.

வேலை வரிசை இது. ஒப்பந்தம் கையெழுத்தானதும் நாவலை மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து இரண்டு பக்கத்தில் ஒன்லைன், அதாவது கதைச்சுருக்கம். பிறகு நாள் 1 முதல் 16 வரை சுவரில் அட்டை. ஓர் அட்டைக்கு ஒரு சீன், மேலே இடமும் பகலா இரவா என்பதும், கீழே அந்த சீனில் மாறுவது என்ன என்பதும். மாறுவது எதுவும் இல்லாத அட்டையைக் கிழித்துவிடுங்கள். 65 முதல் 75 அட்டையில் சீன் ஆர்டர் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வசனம். கதை டிஸ்கஷனில் நாவலைப் படித்த ஒருவரும் படிக்காத ஒருவரும் இருக்கட்டும்.

நீங்கள் விட மனமில்லை என்று எழுதிய 2004 அத்தியாயம் இருக்கட்டும். ஆனால் 11 பக்கமாக அல்ல, ஒன்றரை நிமிடமாக. அதற்கான வேலையை முதல் ரீலிலேயே செய்ய வேண்டும். ஆலையின் பெல்ட் அடிக்கும் சத்தம் படம் தொடங்கும்போதே எல்லாப் பேச்சுக்கும் அடியில் ஓடட்டும். அப்பா இறந்ததும் நிற்கட்டும். ஆறாம் நாள் அண்ணன் ஓட்டும்போது திரும்ப வரட்டும். 2004இல் அது இல்லை. கூரைத் தகரம் போன ஆலை, காய்ந்த தொட்டி, உள்ளே ஆளுயரத்துக்கு ஓர் அரசங்கன்று, அதன் அருகே வயதான ஒருவரின் முதுகு. ஒரு முற்பகலில் எடுத்துவிடலாம். இளம் நடிகருக்கு வயோதிக ஒப்பனையும் தேவைப்படாது. அதற்கு வசனம் எழுத வேண்டாம். அந்த அத்தியாயத்தின் கடைசிப் பத்தியை மட்டும் நகலெடுத்து, ஒளிப்பதிவாளருக்கும் ஒலி வடிவமைப்பாளருக்கும் ஆளுக்கொன்று கொடுங்கள்.